பழைய டிரம்மில் பயிருக்குத் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

உணவுத் தர பிளாஸ்டிக் டிரம்களைக் கழுவி ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் பயிர் வளர்க்கும் முறை) தண்ணீர்த் தொட்டியாக்குவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். டிரம் என்று இங்கே சொல்வதெல்லாம் 200 முதல் 220 லிட்டர் வரை பிடிக்கும் எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) டிரம்தான்.

கேள்வி: பழைய சாமான் கடையில் ஒரு நீல டிரம் பார்த்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கிறது. "நீலம் என்றாலே ஃபுட் கிரேடுதான்" என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அமிலமும் பூச்சிமருந்தும் கரைப்பான்களும்கூட இதே நீல டிரம்களில்தான் வருகின்றன. முக்கோணத்துக்குள் இருக்கும் 2, அது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்கிறது. மறுசுழற்சிக்குத் தரம் பிரிப்பதற்காக 1988ல் வந்த எண் அது. உணவுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் இருந்தால் நல்ல அறிகுறி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1935/2004 விதியில் வரும் சின்னம் அது. உணவைத் தொடத்தக்க பிளாஸ்டிக்கில் செய்தது என்று பொருள். ஆனால் அது டிரம் ஆலையிலிருந்து வெளிவந்த நாளைப் பற்றிய சான்று. அதன்பிறகு யார் எதை ஊற்றினார்கள் என்று அதற்குத் தெரியாது. உங்கள் பயிருக்கு முக்கியம் அந்தப் பின்கதைதான்.

சில டிரம்களில் யு.என். (ஐக்கிய நாடுகள் சபை) என்ற முத்திரையும், 1எச்1 அல்லது 1எச்2 என்ற குறியும் புடைப்பாக இருக்கும். 1எச்1 என்றால் மேல்பாகம் மூடிய பிளாஸ்டிக் டிரம், 1எச்2 என்றால் மேல்மூடி முழுவதும் கழலக்கூடியது. ஆபத்தான சரக்கை ஏற்றிச் செல்லும் அளவுக்கு உறுதி சோதிக்கப்பட்டது என்பதற்கான முத்திரை அது. அதைப் பார்த்து விஷ டிரம் என்று பயப்பட வேண்டாம். உணவுப் பொருள் வந்த டிரம்மிலும் இருக்கும். பயப்பட வேண்டியது சாய்சதுர வடிவ ஆபத்துச் சீட்டுக்கும், அந்தச் சீட்டைக் கிழித்த தடத்துக்கும்தான்.

ஆகவே பழைய லேபிள் கிழிக்கப்படாத டிரம்மையே கேளுங்கள். லேபிளே இல்லாமல் பளபளவென்று கழுவி வைத்த டிரம்மைவிட, அழுக்காக இருந்தாலும் லேபிளோடு இருக்கும் டிரம் மேல். இன்னொரு விஷயம்: உணவுத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று சொன்னாலும் போதாது. அங்கே குழாய்களைக் கழுவ வாங்கும் காஸ்டிக் சோடா, நைட்ரிக் அமிலம், கிருமிநாசினி எல்லாம் அதே மாதிரி டிரம்களில் வந்து, காலியானதும் அதே குவியலில் சேரும். குறிப்பாக குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாக வேருக்குப் போகும்.

லேபிள் சரியாக இருந்தாலும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மூடியை இறுக்கி, டிரம்மை இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு மூடியைத் திறந்து, முகத்தை அருகில் கொண்டுபோகாமல், வாய்ப்பகுதியிலிருந்து காற்றைக் கையால் விசிறி முகர்ந்து பாருங்கள். குளிர்ந்த டிரம்மில் ஒளிந்திருக்கும் வாசனை சூட்டில் வெளியே வந்துவிடும். வினிகர், பழக்கூழ், ஊறுகாய் என்று அடையாளம் தெரிந்தால் கழுவிப் பார்க்கலாம். பெட்ரோல், தின்னர், மருந்து நெடி என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பூச்சிமருந்து வந்த டிரம் ஒன்று சும்மா கிடைக்கிறது. பத்துத் தடவை கழுவினால் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. நூறு தடவை கழுவினாலும் கூடாது. எச்.டி.பி.இ. கண்ணாடி மாதிரி இல்லை. எண்ணெய்த்தன்மை உள்ள ரசாயனங்களும் கரைப்பான்களும் சுவருக்குள்ளேயே ஊறிவிடும். நீங்கள் கழுவுவது மேற்பரப்பை மட்டும்தான். உள்ளே ஊறியது பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தண்ணீரில் கசியும். டீசல், இன்ஜின் ஆயில், பெயின்ட் தின்னர் டிரம்களுக்கும் இதேதான்.

உணவு வகையிலும் ஒன்றைத் தள்ளி வையுங்கள்: செறிவான வாசனை எசன்ஸ், புதினா எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் போன்றவை வந்த டிரம்கள். அவை உண்ணத் தக்கவைதான். ஆனால் பிளாஸ்டிக்குக்குள் ஊறும் விதத்தில் கரைப்பான்களைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

கேள்வி: பழக்கூழ் வந்த டிரம் வாங்கியிருக்கிறேன். மேலே இரண்டு சிறு மூடிகள் மட்டும்தான் உண்டு, கை நுழையாது. முதலிலிருந்து கடைசி வரை எப்படிக் கழுவுவது?

பதில்: வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்: அலசுதல், சோப்புக் கழுவல், மறுபடி அலசுதல், கிருமிநீக்கம், கடைசி அலசல். பலரும் நேராகக் குளோரினை ஊற்றிவிடுகிறார்கள். அழுக்குப் படலம் இருக்கும்போது குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அடியில் இருக்கும் கிருமிக்கு மிஞ்சாது.

முதலில் இரண்டு மூடிகளையும் கழற்றி, அவற்றின் ரப்பர் வளையங்களை உருவி எடுத்து, தனியாக ஒரு வாளியில் ஊறப் போடுங்கள். வளையத்தின் அடியில், மரையின் பள்ளங்களில்தான் பழைய கூழ் பழுப்பு நிறத்தில் காய்ந்து கிடக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் வரும்.

டிரம்முக்குள் 20 லிட்டர் தண்ணீர் விட்டு உருட்டி, கொட்டுங்கள். கொட்டும்போது மூடித் துவாரம்தான் மிகத் தாழ்ந்த புள்ளியாக இருக்க வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துக் கவிழ்த்தால் வடியும். நேராகக் கவிழ்த்தால் மேல்விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றுவிடும். வருகிற தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

அடுத்து 15 லிட்டர் வெந்நீரில் 150 கிராம் சலவை சோடாவும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டியும் கரைத்து ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம். கொதிநீர் பட்டால் சுவர் இளகி நெளியும். மூடியை இறுக்கி உடனே குலுக்கவும் வேண்டாம். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, திறக்கும்போது சோடாத் தண்ணீர் முகத்தில் பீய்ச்சும். மூடியை இறுக்கி ஒரு நிமிடம் உருட்டுவது, பிறகு மெதுவாகத் தளர்த்திக் காற்றை விடுவது, மறுபடி இறுக்குவது என்று செய்யுங்கள். டிரம்மைப் படுக்க வைத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு நிலையிலும் 15 நிமிடம் விடுங்கள். பிறகு நிற்க வைத்து 15 நிமிடம், கவிழ்த்து 15 நிமிடம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மேல்தளத்தின் உட்புறத்தில் ஒட்டியது அப்போதுதான் ஊறும்.

உள்ளே கூழாங்கற்களைப் போட்டு உருட்டும் வழக்கம் உண்டு. அழுக்கு போகும் என்பது உண்மை, ஆனால் சுவர் முழுக்கக் கீறல் விழும். அந்தக் கீறல்களில்தான் பின்னால் வழவழப்பான படலம் பிடித்து, பிரஷ்ஷுக்குச் சிக்காமல் உட்காரும். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் கருவியின் குழலைத் துவாரம் வழியாக விட்டு நாலா பக்கமும் அடிப்பது நல்லது. இல்லையென்றால் வளைந்த கைப்பிடியுள்ள நீண்ட பிரஷ். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், எங்கே கறை நிற்கிறது என்று தெரியும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், மூடிய டிரம்மின் மேல்தளத்தை வெட்டி எடுத்துவிடுவதே மேல். ஓரத்தில் 4 அல்லது 5 சென்டிமீட்டர் விளிம்பை விட்டு, உள்வட்டத்தை ஜிக்சாவால் வெட்டுங்கள். முழுவதும் வெட்டினால், தண்ணீர் நிரம்பும்போது வாய் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அந்த விளிம்புதான் வடிவத்தைப் பிடித்து வைக்கும். கை நுழைந்து தேய்க்க முடிகிற டிரம்மின் சுத்தமே தனி.

சோப்புக் கழுவலுக்குப் பிறகு மூன்று முறையாவது அலசுங்கள். கடைசியாக அலசிய தண்ணீரைத் தெளிவான பாட்டிலில் பாதி பிடித்துக் குலுக்குங்கள். நுரை சில நொடிகளில் உடையாமல் நின்றால் இன்னும் சோப்பு இருக்கிறது. சோப்பு மிச்சமிருந்தால் காற்று பம்ப் போட்டதும் தொட்டி நுரைக்கும். சலவை சோடா மிச்சமிருந்தால் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) காரணம் தெரியாமல் ஏறிக்கொண்டே இருக்கும். கிருமிநீக்கத்தைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

கேள்வி: குளோரின் எவ்வளவு போட வேண்டும்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ப்ளீச்சிங் பவுடரும் திரவ ப்ளீச்சும் ஒன்றுதானா?

பதில்: ஆளுக்கொரு கணக்கு வருவதற்குக் காரணம், யாரும் செறிவைச் சொல்லாததுதான். லேபிளில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள். 5 சதவீதத் திரவ ப்ளீச்சில் ஒரு லிட்டருக்குச் சுமார் 50 கிராம் குளோரின் உண்டு. 200 லிட்டர் நிறைந்த டிரம்மில் 50 பி.பி.எம். (லிட்டருக்கு 50 மி.கி.) வேண்டுமென்றால் 10 கிராம் குளோரின், அதாவது 200 மி.லி. ப்ளீச். இப்படி விளிம்புவரை நிரப்பி 12 மணி நேரம் விடுவது ஒரு முறை. தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டுமென்றால், 20 லிட்டரில் 80 மி.லி. ப்ளீச் கலந்தால் 200 பி.பி.எம். ஆகும். அதைக் கொண்டு சுவர் முழுவதும் 30 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி உருட்டியும் துடைத்தும் வரலாம். வாசனை சேர்த்த ப்ளீச்சும், கூழ்போல் கெட்டியான ப்ளீச்சும் வேண்டாம். அவற்றில் சோப்புச் சேர்மங்கள் இருக்கும்.

ப்ளீச்சிங் பவுடரில் 30 முதல் 35 சதவீதம் குளோரின் இருக்க வேண்டும். அப்படியானால் 200 லிட்டருக்கு 30 கிராம் போதும். ஆனால் பையைத் திறந்து நாளாகியிருந்தால் வலு குறைந்திருக்கும். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வண்டலோடு ஊற்றினால் டிரம்மின் சுவரில் வெள்ளையாகப் படிந்து, பி.எச்.ஸையும் ஏற்றும். பி.எச். 8ஐத் தாண்டினால் குளோரினின் கிருமி கொல்லும் திறனும் நன்றாகக் குறையும்.

இதில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. வினிகரோ சிட்ரிக் அமிலமோ மிச்சமிருக்கும் டிரம்மில் ப்ளீச் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். வினிகர் டிரம்மை நன்றாக அலசி, சலவை சோடாவால் கழுவி, மறுபடி அலசிய பிறகே ப்ளீச். திறந்தவெளியில் செய்யுங்கள், டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்க்காதீர்கள்.

முடிந்தபின் மூன்று முறை அலசி, குளோரின் சோதனைத் தாளில் 0.5 பி.பி.எம்.முக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். டிரம்மைத் திறந்து ஒரு நாள் உலர விட்டால் மிச்சமும் போய்விடும்.

கேள்வி: டிரம்மை நன்றாக அலசிவிட்டேன். ஆனால் குழாய்த் தண்ணீரிலேயே குளோரின் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

பதில்: சாதாரணக் குளோரின் என்றால், திறந்த டிரம்மில் காற்று பம்ப் ஓட விட்டால் ஒரு நாளில் பறந்துவிடும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போடும் விநியோகத்தில் அப்படிப் போகாது. அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி தூள், ஒரு பங்கு குளோரினுக்கு இரண்டரைப் பங்கு போட்டால் போதும். 200 லிட்டரில் 1 பி.பி.எம். இருந்தால் அரை கிராம்தான் ஆகும்.

கேள்வி: ஊறுகாய் உப்புநீர் இருந்த டிரம். உப்பெல்லாம் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசனையும் விடமாட்டேன் என்கிறது.

பதில்: உப்பு பிளாஸ்டிக்குக்குள் ஊறுவதில்லை என்பது நல்ல செய்தி. விளிம்புப் பள்ளத்தில் தேங்கி நிற்பதுதான் வில்லங்கம். ஒரு கணக்குப் பாருங்கள்: 10 சதவீத உப்புநீர் 100 மி.லி. தங்கியிருந்தால் அதில் 10 கிராம் உப்பு. 200 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 50 மி.கி., இ.சி. மீட்டரில் (கரைந்த உப்பை மின்கடத்துதிறனாக, மில்லிசீமென்ஸ்/செ.மீ. அலகில் அளப்பது) சுமார் 0.1 கூடுதலாகக் காட்டும். ஒரு லிட்டர் தங்கியிருந்தால் இ.சி. ஏறக்குறைய 1 கூடும். கீரை வகைகளுக்கான சத்துக் கரைசலின் இ.சி.யே 1 முதல் 1.6 வரைதான். மீட்டர் சோடியத்தையும் சத்தாகவே எண்ணிக் காட்டும். நீங்கள் 'சத்து போதும்' என்று நிறுத்திவிடுவீர்கள். செடி பட்டினி கிடக்கும், இலை ஓரம் கருகும்.

ஆகவே டிரம்மில் விடப்போகும் தண்ணீரின் இ.சி.யை முதலில் அளந்து எழுதி வையுங்கள். நிரப்பி ஒரு நாள் விட்டு, அடிவரை நன்றாகக் கலக்கி மறுபடி அளங்கள். கலக்காமல் அளந்தால் கனமான உப்புநீர் அடியிலேயே இருக்கும், மேலே நல்ல எண் காட்டும். வித்தியாசம் 0.1ஐத் தாண்டினால் இன்னொரு அலசல்.

வாசனைக்கு முதல் சந்தேகம் ரப்பர் வளையத்தின் மேல். அதைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டு டிரம்மை முகர்ந்து பாருங்கள். பல நேரங்களில் டிரம்மில் வாசனை இருக்காது, வளையத்தில்தான் இருக்கும். புது வளையம் போட்டால் தீர்ந்தது. டிரம்மிலேயே இருந்தால் சமையல் சோடா 200 கிராமை 10 லிட்டரில் கரைத்து ஊற்றி, திருப்பித் திருப்பி வைத்து இரண்டு நாள் ஊறவிட்டு, பிறகு மூடியில்லாமல் ஒரு வாரம் வெயிலும் காற்றும் படும்படி கவிழ்த்து வையுங்கள். பூண்டு, மசாலா வாசனை லேசாக மிஞ்சினாலும் செடிக்குக் கெடுதலில்லை.

ஐயம் தீராவிட்டால் விதையைக் கேளுங்கள். டிரம்மில் இரண்டு நாள் நின்ற தண்ணீரில் நனைத்த காகிதத்தில் 20 முள்ளங்கி விதை, அதே தண்ணீரை டிரம்மில் விடாமல் தனியாக எடுத்து நனைத்த காகிதத்தில் 20 விதை. நான்கைந்து நாளில் முளைத்த எண்ணிக்கையையும் வேரின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். டிரம் தண்ணீரில் வேர் குட்டையாகவோ நுனி பழுத்தோ இருந்தால், அந்த டிரம் வேண்டாம். எந்த மீட்டராலும் காட்ட முடியாததை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: சமையல் எண்ணெய் டிரம்மைக் கழுவினேன். ஆனால் உள்சுவரில் தண்ணீர் முத்து முத்தாகத்தான் நிற்கிறது. எண்ணெய் இன்னும் போகவில்லையா?

பதில்: அதை வைத்துச் சொல்ல முடியாது. எச்.டி.பி.இ. இயல்பிலேயே தண்ணீரை ஒட்டவிடாது. புத்தம்புது டிரம்மிலும் முத்தாகத்தான் நிற்கும். சுவரைத் துடைத்து உலர்த்திவிட்டு, வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி ஊடுருவும் திட்டு தெரிந்தால் எண்ணெய் இருக்கிறது. டிரம்மை நிரப்பி, மேற்பரப்பில் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் வானவில் படலமும் தெரியும். சலவை சோடா வெந்நீர்க் கழுவலை மறுபடி ஒருமுறை செய்யுங்கள், இம்முறை சோடாவை இருமடங்காக்கி. எண்ணெய் மிஞ்சினால் பாக்டீரியா அதைத் தின்று பெருகி, வேருக்கான ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சிக்குப் பிடித்த எண்ணெய் நெடி இரண்டு கழுவலுக்கும் போகாவிட்டால் அந்த டிரம்மில் குப்பை போடுங்கள்.

கேள்வி: டிரம்மின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் குழாயை இணைக்கும் மரைத்துண்டு) மாட்டினேன். ஒழுகுகிறது. சிலிக்கான் தடவினேன், இரண்டே நாளில் தோலாக உரிந்து வந்துவிட்டது.

பதில்: எச்.டி.பி.இ. மேல் சிலிக்கானும் ஒட்டாது, பி.வி.சி. பசையும் ஒட்டாது. பாத்திரத்தில் எண்ணெய் தடவிய மாதிரிப் பரப்பு அது. ரப்பரின் அழுத்தம் ஒன்றுதான் தண்ணீரை நிறுத்தும். ஆகவே ரப்பர் சமமாக அழுந்த என்ன வேண்டுமோ அதைச் செய்ய வேண்டும்.

முதல் காரணம் வளைவு. டிரம்மின் சுவர் வளைந்தது, நிப்பிளின் முகம் தட்டை. ஒன்றரை அங்குல நிப்பிளைப் போட்டால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். அரை அல்லது முக்கால் அங்குலம் போதும். ரப்பர் வாஷர் தடிமனாகவும் மெத்தென்றும் இருக்கட்டும். வார்ப்பு மூட்டுக்கோடு மேலும், புடைப்பு எழுத்து மேலும் ஓட்டை விழக் கூடாது. விரலால் தடவிப் பார்த்தாலே கோடு தெரியும்.

இரண்டாவது ஓட்டை. ஹோல் சாவை (வட்ட ஓட்டை வெட்டும் வாள்) வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகி, ஓரத்தில் சுருண்டு கெட்டியாகும். அந்தச் சுருள் மேல் வாஷர் உட்கார்ந்தால் ஒழுகத்தான் செய்யும். குறைந்த வேகத்தில் வெட்டி, ஓரத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். ஓட்டை, நிப்பிளின் மரையைவிட அரை முதல் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும்.

வாஷர் தண்ணீர்ப் பக்கம், அதாவது உள்ளே வர வேண்டும். டெஃப்லான் டேப்பை வால்வு மாட்டும் மரையில் மட்டும் சுற்றுங்கள். வாஷரின் அடியில் சுற்றினால் அதுவே தண்ணீருக்கு வழியாகும். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் முதல் அரைச் சுற்று. அதற்கு மேல் போனால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும். அழுத்தத்தில் பிளாஸ்டிக் மெல்ல இளகிக் கொடுக்கும். ஒரு நாள் கழித்து மறுபடி ஒரு சிட்டிகை இறுக்குங்கள். பெரும்பாலான ஒழுகல் இந்த இரண்டாம் இறுக்கலில் நின்றுவிடும்.

பயிருக்குப் போகும் குழாயை அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் மேலே வைத்தால் வண்டல் பம்ப்புக்குள் போகாது. வெட்டாத மூடிய டிரம்மாக இருந்தால் ஓட்டையே தேவைப்படாமலும் போகலாம். மூடியின் நடுவில் முக்கால் அங்குல மரையோடு மெல்லிய தட்டு ஒன்று பல டிரம்களில் உண்டு. அந்தத் தட்டை மட்டும் துளைத்துவிட்டுக் குழாயைத் திருகலாம். டிரம்மைப் படுக்க வைக்கும்போது அந்த மூடி கீழே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பித்தளை வால்வு வீட்டில் இருக்கிறது. மாட்டலாமா?

பதில்: வெறும் தண்ணீர் டிரம் என்றால் பாதகமில்லை. சத்துக் கரைசல் என்றால் வேண்டாம். அதன் பி.எச். 5.5 முதல் 6.5 வரை, லேசான அமிலம். பித்தளையிலிருந்து செம்பும் துத்தநாகமும், கால்வனைஸ் குழாயிலிருந்து துத்தநாகமும் கரையும். செடிக்கு இவை லிட்டருக்கு ஒரு மில்லிகிராமிலும் மிகக் குறைவாகவே தேவை. சுழலும் கரைசலில் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். பிளாஸ்டிக் பால் வால்வே போடுங்கள்.

கேள்வி: பம்ப் ஓடும்போது டிரம்மின் சுவர் உள்ளே ஒடுங்குகிறது. டிரம் பழுதா?

பதில்: டிரம்மில் பழுதில்லை, காற்று போக வழியில்லை. வெளியேறும் தண்ணீரின் இடத்துக்குக் காற்று வர மூடியில் 12 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, கொசு புகாதபடி நெருக்கமான வலையை ஒட்டாமல் இறுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: இரண்டே வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. கருப்பு பெயின்ட் அடித்தேன், அதுவும் செதில் செதிலாக உரிகிறது.

பதில்: நீல டிரம் வெளிச்சத்தை உள்ளே விடும். இருட்டில் டிரம்முக்குள் டார்ச்சைப் போட்டு மூடிப் பாருங்கள். சுவர் விளக்குக் கூண்டு மாதிரி ஒளிரும். வெளிச்சமும் சத்தும் சேர்ந்த இடத்தில் பாசி வராமல் இருக்காது. பகலில் அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பி.எச். ஏறும், செத்து அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், நாரெல்லாம் சொட்டுக் குழாயில் போய் அடைக்கும். பாசிக்கு மருந்து தேடுவதைவிட வெளிச்சத்தை அடைப்பதே தீர்வு.

பெயின்ட் உரிவதற்குக் காரணம் சிலிக்கான் உரிந்த அதே காரணம்தான். 180 அல்லது 220 உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, பிறகு கருப்பு, அதன்மேல் வெள்ளை. கருப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பும். வெறும் கருப்போடு விட்டால் பாசி நிற்கும், தண்ணீர் கொதிக்கும். நீர்மட்டம் பார்க்க 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை விட்டுவைத்து, அதைக் கருப்பு டேப்பால் மூடிக்கொள்ளலாம். உண்மையில் இவ்வளவு பாடும் தேவையில்லை: ஒருபுறம் கருப்பு, மறுபுறம் வெள்ளையாக உள்ள பிளாஸ்டிக் தாளை வெள்ளை வெளியே வரும்படி சுற்றிக் கட்டினால் அதே பலன்.

கேள்வி: வெயிலில் தண்ணீர் சூடாகிறது. டிரம்மைப் பாதி மண்ணில் புதைக்கலாமா?

பதில்: சூட்டைக் கவனிக்க வேண்டியதுதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 9.1 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 7.6 மட்டுமே. அதே சூட்டில் வேர் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும், வேரழுகல் பூஞ்சையும் பெருகும். 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் நல்லது.

பாதி புதைப்பது பலன் தரும், ஆனால் காலியாக விடக் கூடாது. மண்ணின் அழுத்தத்தில் வெறும் டிரம் உள்நோக்கி நசுங்கும். சுற்றிலும் மழைத்தண்ணீர் தேங்கினால் மிதந்து மேலே கிளம்பும். மூடியையும் பூட்டும்படி வையுங்கள். தரைமட்டத்துக்கு அருகே வாய் திறந்திருக்கும் டிரம்மில் குழந்தை தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது.

கேள்வி: அடியில் வெள்ளையாகக் கட்டி பிடித்திருக்கிறது. உப்பா?

பதில்: சிறு துண்டை எடுத்து, ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். நுரைத்தால் கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு. லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால் பிரஷ்ஷோடு வந்துவிடும். நுரைக்காவிட்டால், கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட், பாஸ்பேட் உரங்களையும் செறிவாக ஒன்றாகக் கலந்திருப்பீர்கள். ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும் கட்டியாகப் படிந்திருக்கும். செறிவுக் கரைசல்களுக்கு எப்போதும் இரண்டு தனி டிரம். அமிலம் போட்ட பிறகு முழுவதும் அலசாமல் ப்ளீச்சைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரு டிரம் எத்தனை வருடம் தாங்கும்? விரிசல் விட்டால் ஒட்டலாமா?

பதில்: வருடக் கணக்கை வெயில்தான் முடிவு செய்கிறது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மம் இல்லாத டிரம் வெயிலில் கிடந்தால் மேற்பரப்பு சுண்ணாம்பு போல் மங்கி, விரலில் தூளாக ஒட்டும். பிறகு அடி விளிம்பை ஒட்டி முடிபோல் வெடிப்புகள் வரும். நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல். அந்த விளிம்பில்தான் முழுச் சுமையும் நிற்கிறது. நான்கு கற்களை மட்டும் முட்டுக் கொடுத்து மேலே ஏற்றியவர்களுக்கு இது சீக்கிரமே வரும். அடி முழுவதும் படியும்படி பலகை போட்டு வையுங்கள்.

விரிசலைப் பசையால் ஒட்ட முடியாது. அதே எச்.டி.பி.இ. கம்பியைக் கொண்டு வெப்பக்காற்றில் உருக்கிப் பற்ற வைக்கலாம். மேல்பாதியில் உள்ள சிறு விரிசலுக்கு அது நிற்கும். அடி விளிம்பில் வந்த விரிசலுக்கு முயல வேண்டாம். அந்த டிரம்மின் மேல்பாதியை வெட்டி எடுத்தால், பக்கத்து டிரம்முக்கு வெயில் படாத உறையாகக் கவிழ்க்கலாம்.